100 கோடி டாலர் வந்தும் துறைக்குப் பணம் இல்லையா? மருத்துவக் கல்லூரிகளின் நன்கொடைக் கணக்கு

2024 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் அரங்கில் மாணவர்கள் கூடியிருந்தார்கள். அங்கே பேராசிரியராக இருந்த, 93 வயதான ரூத் காட்ஸ்மேன், இனி இந்தக் கல்லூரியில் கல்விக் கட்டணமே கிடையாது என்று அறிவித்தார். மாணவர்கள் எழுந்து கத்தினார்கள், சிலர் அழுதுவிட்டார்கள். அவர் கொடுத்த தொகை 100 கோடி டாலர். அதே ஆண்டு ஜூலையில் தொழிலதிபர் மைக்கேல் புளூம்பெர்க்கின் அறக்கட்டளை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு 100 கோடி டாலர் அறிவித்தது. ஆண்டு வருமானம் 3 லட்சம் டாலருக்குக் கீழே உள்ள குடும்பங்களிலிருந்து வரும் மருத்துவ மாணவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை என்றானது.

இத்தகைய செய்திகளைப் படிப்பவர்களுக்கு இயல்பாகவே ஒரு குழப்பம் வரும். இவ்வளவு பணம் வருகிறதே, அப்புறம் ஏன் அதே மாதிரி கல்லூரிகளில் நரம்பியல் துறையும் சிறுநீரகத் துறையும் ஆய்வகத்துக்குப் பணமில்லை என்று நன்கொடை தேடி அலைகின்றன? எங்கோ கசிகிறதா? எதையாவது மறைக்கிறார்களா?

பெரும்பாலும் எதுவும் கசியவில்லை. பெருநன்கொடை என்பது நம் பாக்கெட்டில் உள்ள பணம் போல எதற்கும் எடுத்துச் செலவழிக்கக் கூடியது அல்ல. அது வரும் வழி வேறு, தங்கும் இடம் வேறு, போகும் வழி வேறு. இன்னொன்றும் உண்டு. மருத்துவத் துறைக்கு வரும் பெரிய பணத்தில் கணிசமான பங்கு, ஒரு நோயாளிக்குத் தன் மருத்துவர் மேல் உள்ள நன்றியிலிருந்து வருகிறது. அந்த நன்றியை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதுதான் இந்த விஷயத்தில் மிக முக்கியமானது. அதை விளங்கிக்கொள்ள, அடிப்படையிலிருந்து போவோம்.

துறையின் வருமானம் எங்கிருந்து வருகிறது?

மருத்துவக் கல்லூரியில் துறை என்றால் இதயவியல், மனநலம், நோய்க்குறியியல் போல ஒரு தலைவரின் கீழ் இயங்கும் பிரிவு. அது மூன்று வேலைகளைச் செய்கிறது: நோயாளிகளைப் பார்க்கிறது, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது, ஆராய்ச்சி செய்கிறது. வருமானமும் இந்த மூன்றிலிருந்துதான். சிகிச்சைக் கட்டணம், கல்லூரி ஒதுக்கும் கற்பித்தல் பணம், அரசும் அறக்கட்டளைகளும் தரும் ஆராய்ச்சி மானியம்.

இதில் கற்பித்தலும் ஆராய்ச்சியும் பெரும்பாலும் தம் செலவைத் தாமே ஈடுகட்டுவதில்லை. சிகிச்சையில் மிஞ்சுவதை எடுத்து அங்கே நிரப்புவார்கள். ஓர் ஆய்வாளர் மானியம் வாங்கிவந்தால் துறைக்கு லாபம் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் மானியம் வரும்போது கூடவே செலவும் வருகிறது. கட்டடம், மின்சாரம், குளிர்பதன அறை, பாதுகாப்பு அலுவலர், கணக்கர் என எந்த ஓர் ஆய்வின் பெயரிலும் எழுத முடியாத செலவுகள் அவை. இவற்றை மறைமுகச் செலவு என்கிறார்கள்.

அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் ஆராய்ச்சிப் பணத்தோடு இந்த மறைமுகச் செலவுக்கும் ஒரு விகிதம் சேர்த்துத் தருகிறது. சில பல்கலைக்கழகங்களுக்கு அது 50 சதவீதத்தைத் தாண்டும். 2025 பிப்ரவரியில் அதை எல்லோருக்கும் 15 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது மருத்துவக் கல்லூரிகள் ஆடிப்போயின. வழக்குகள் பாய்ந்தன, நீதிமன்றம் தடுத்தது. ஆனாலும் ஒரே இடத்துப் பணத்தை நம்பி ஆய்வகம் நடத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பது அன்றைக்குத் துறைத் தலைவர்கள் எல்லோருக்கும் உறைத்தது.

தனியார் கொடை அந்த ஓட்டையை அடைத்துவிடுமா? முழுதாக அடைக்காது. கொடையாளர்கள் பொதுவாக மறைமுகச் செலவைத் தர விரும்புவதில்லை. கேட்ஸ் அறக்கட்டளை கூடப் பல்கலைக்கழகங்களுக்கு அதிகபட்சம் 10 சதவீதம் என்றுதான் வைத்திருக்கிறது. தனிநபர் கொடை பெரும்பாலும் வேறு இடத்தில் பயன்படுகிறது. இன்னும் நிரூபிக்கப்படாத யோசனை, முதல் மானியம் கிடைக்காத இளம் ஆய்வாளர், இரண்டு மானியங்களுக்கு நடுவே வருகிற வறண்ட ஆண்டு. அரசுப் பணம் ஏற்கெனவே ஓரளவு சான்று உள்ள ஆய்வையே தேடிப் போகும். அந்தச் சான்றை உண்டாக்குவதற்கான பணத்தைத் தருவதற்கு வேறு ஆள் வேண்டும். என் பார்வையில் ஒரு துறைக்குப் பெருநன்கொடை தேவைப்படுவதற்கு இதைவிட நேர்மையான காரணம் இல்லை.

கொடையின் வகைகள்

எவ்வளவு கொடுத்தால் அது பெருநன்கொடை? இதற்குப் பொது அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தில் 25,000 டாலர், இன்னொன்றில் 10 லட்சம் டாலர். தொகையைவிட, அது எந்த வடிவில் வருகிறது என்பதே முக்கியம்.

1. உடனே செலவழிக்கக் கூடிய கொடை. ஒரு கருவி வாங்க, ஓர் ஆய்வை மூன்று ஆண்டு நடத்த. பணம் தீர்ந்தால் முடிந்தது.

2. நிரந்தர வைப்பு நிதி. கொடுத்த முதல் தொகையைத் தொடவே கூடாது. அதை முதலீடு செய்து, ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 சதவீதம் மட்டும் எடுத்துச் செலவழிப்பார்கள். மிச்ச வருமானம் விலைவாசி உயர்வுக்கு ஈடாக முதலோடு சேரும்.

3. எழுதிக்கொடுத்த வாக்கு. தொகை இன்று அறிவிக்கப்படும், பணம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தவணையாக வரும். செய்தியில் வந்த எண்ணும் வங்கியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம்.

4. உயில் வழிக் கொடை. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உயிலை மாற்றவும் செய்யலாம். ஆனால் நடுத்தர வசதி உள்ள ஒருவர் வாழ்நாளில் கொடுக்க முடியாத தொகையை இந்த வழியில்தான் கொடுக்கிறார்.

5. பங்குகள். 1 லட்சம் டாலருக்கு வாங்கிய பங்கு இன்று 10 லட்சமாக வளர்ந்திருந்தால், விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. அமெரிக்கச் சட்டப்படி பங்கை அப்படியே கொடையாகக் கொடுத்தால் அந்த வரி இல்லை. பெரும் கொடைகளில் பல இப்படித்தான் வருகின்றன. காட்ஸ்மேனின் கணவர் விட்டுச்சென்ற செல்வமும் பெர்க்‌ஷயர் ஹாத்வே நிறுவனப் பங்குகளாகவே இருந்தது.

இரண்டாவது வகையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 100 கோடி டாலர் வைப்பு நிதியில் 5 சதவீதம் எடுத்தால் ஆண்டுக்கு 5 கோடி டாலர். ஐன்ஸ்டைன் கல்லூரியில் அப்போது ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 59,000 டாலர். அந்த 5 கோடி சுமார் 850 மாணவர்களின் கட்டணத்துக்குப் போதும். அதாவது கட்டணத்தை நிரந்தரமாக நீக்கவே அந்த மாபெரும் தொகை தேவைப்பட்டது. கட்டணத்துக்கென்று எழுதிக் கொடுத்த பணத்தில் நரம்பியல் துறையின் உறைபெட்டி வாங்க ஒரு டாலர் கூட எடுக்க முடியாது. எடுத்தால் அது நம்பிக்கைத் துரோகம், வழக்கும் வரும்.

சிறிய அளவில் பார்த்தாலும் இதே கதைதான். வைப்பு நிதியின் வருமானத்தில் நடக்கும் பேராசிரியர் பதவியை இருக்கை என்கிறார்கள். தமிழ் வாசகர்களுக்கு அந்தச் சொல் ஹார்வர்டு தமிழ் இருக்கையால் நன்றாகவே அறிமுகம். அதற்கு 60 லட்சம் டாலர் தேவைப்பட்டபோது, ஒரு பேராசிரியருக்கு எதற்கு இவ்வளவு என்று பலர் கேட்டார்கள். பதில் இந்தக் கணக்குதான். மருத்துவத் துறையில் 20 லட்சம் டாலருக்கு ஓர் இருக்கை நிறுவினால், 4.5 சதவீதத்தில் ஆண்டுக்குக் கிடைப்பது 90,000 டாலர். ஒரு மூத்த மருத்துவப் பேராசிரியரின் சம்பளத்துக்கு அது போதாது. சம்பளத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டி, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் நோயாளிகளைப் பார்க்கும் கட்டாயத்திலிருந்து அவரை விடுவித்து ஆய்வகத்தில் உட்கார வைக்கும். இருக்கையின் உண்மையான பயன் அந்த நேரம்தான்.

கொடுப்பவர் துறைக்குக் கொடுப்பதில்லை

பொது மருத்துவத் துறைக்கு உதவ வேண்டும் என்று நினைத்துக்கொண்டு யாரும் காலையில் எழுவதில்லை. கணையப் புற்றுநோயில் மனைவியை இழந்தவர் அந்த நோய்க்கு எதிராக ஏதாவது செய்ய நினைக்கிறார். குழந்தைக்கு வலிப்பு வந்த தாய் வலிப்பைப் பற்றி யோசிக்கிறார். துறை என்பது நிர்வாகம் போட்ட கோடு, கொடையாளரின் மனத்தில் அந்தக் கோடு கிடையாது.

இதனால் துறைகளுக்கு நடுவே பெரிய ஏற்றத்தாழ்வு உண்டாகிறது. புற்றுநோய், இதயம், கண், குழந்தை மருத்துவம் ஆகியவற்றுக்கு நன்றியுள்ள நோயாளிகள் ஏராளம். மயக்க மருந்துத் துறையை நினைத்துப் பாருங்கள். அறுவை மேசையில் நான்கு மணி நேரம் ஒவ்வொரு மூச்சையும் ஒவ்வொரு இதயத் துடிப்பையும் பார்த்துக்கொண்டு தலைமாட்டில் நின்றவர் மயக்க மருத்துவர். ஆனால் நோயாளி அவரை விழித்த நிலையில் பார்த்ததே சில நிமிடம்தான், அப்போதும் பாதி பயத்தில். கண் திறந்ததும் நன்றி சொல்வது அறுவை மருத்துவருக்கு. நோய்க்குறியியல் நிபுணர் நிலை இன்னும் மோசம். புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று நுண்ணோக்கியில் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவரின் பெயர் அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். யார் படிக்கிறார்கள்?

இத்தகைய துறைகள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. அங்கே பயிற்சி பெற்று வெளியே போன மருத்துவர்கள் முதல் வழி. துறை தங்களுக்கு என்ன கொடுத்தது என்பது அவர்களுக்குத் தெரியும். இரண்டாவது, துறையின் வேலையை நோயின் மொழியில் சொல்வது. மயக்க மருத்துவ ஆராய்ச்சி என்றால் யாருக்கும் புரியாது. அறுவைக்குப் பிறகு முதியவர்களுக்கு வரும் மனக்குழப்பத்தைத் தடுக்கும் ஆராய்ச்சி என்றால், அம்மாவோ அப்பாவோ அறுவை முடிந்து இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். மூன்றாவது, இன்னொரு துறையோடு கூட்டாகக் கேட்பது. புற்றுநோய் மையத்துக்கு வரும் கொடையில் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு ஒரு பங்கு என்று தொடக்கத்திலேயே எழுதிவைப்பது. நடுவில் போய்ப் பங்கு கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

மருத்துவர் தன் நோயாளியிடம் பணம் கேட்கலாமா?

கேட்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு.

நோயாளியும் மருத்துவரும் சமநிலையில் இல்லை. உயிரே கையில் இருக்கும்போது, இவர் கேட்டதை மறுத்தால் அடுத்த முறை என்னைப் பார்க்கும் விதம் மாறுமோ என்ற அச்சம் வரத்தான் செய்யும். கொடுத்தவருக்கும் ஒரு சிக்கல் உண்டு. கொடுத்ததால்தான் நன்றாகக் கவனிக்கிறார்களோ என்ற ஐயம். கொடுக்க வசதியில்லாத பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அதைவிடப் பெரிய ஐயம். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறைத் தொகுப்பு, மருத்துவர்கள் தம் நோயாளிகளிடம் நேரடியாக நன்கொடை கேட்பதைத் தவிர்க்க வேண்டும், குறிப்பாகச் சிகிச்சைக்காக வந்திருக்கும் நேரத்தில் கேட்கக் கூடாது என்கிறது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களிடம் நடத்தி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பதிலளித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், நோயாளியிடம் நேரடியாக நன்கொடை கேட்கும்படி தம் நிறுவனம் சொன்னதாகத் தெரிவித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் மறுத்திருக்கிறார்கள். மறுத்தவர்களின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

நோயாளியின் தகவலை நிதி திரட்டும் பிரிவு பார்க்கலாமா என்பது இதோடு ஒட்டிய கேள்வி. அமெரிக்காவின் மருத்துவத் தனியுரிமை விதிகள் 2013இல் திருத்தப்பட்டபோது ஒரு கோடு போட்டார்கள். பெயர், முகவரி, வயது, எந்தத் தேதியில் வந்தார், எந்தத் துறை, எந்த மருத்துவர், சிகிச்சையின் முடிவு, காப்பீட்டு நிலை ஆகியவற்றை நிதி திரட்ட அனுமதி கேட்காமலே பயன்படுத்தலாம். நோய் என்ன என்பதை, நோயாளி எழுத்தில் சம்மதம் தராமல் பயன்படுத்தக் கூடாது. அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளிலும், இனி எனக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்ல எளிய வழி இருக்க வேண்டும். அப்படிச் சொன்னவருக்குச் சிகிச்சையில் எந்த வேறுபாடும் காட்டக் கூடாது.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் சரியாகிவிடாது. சில மருத்துவமனைகள் உள்நோயாளிகளின் பெயர்களைக் கணினியில் ஓடவிட்டு, யாருக்கு எவ்வளவு சொத்து என்று பார்ப்பது உண்டு. சட்டப்படி அது தவறில்லாமல் இருக்கலாம். ஆனால் வயிற்று வலியோடு வந்து படுத்திருப்பவரின் வீட்டு மதிப்பைப் பக்கத்து அறையில் ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார் என்பதை அந்த நோயாளி அறிந்தால் என்ன நினைப்பார்? சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகே இந்த வேலைகள் தொடங்க வேண்டும் என்று ஒரு நிறுவனம் தனக்குத் தானே விதி வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

அப்படியானால் மருத்துவருக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. பேச்சை நோயாளி தொடங்கும் இடத்தில் அது இருக்கிறது. ஒரு சின்னக் காட்சி. ஆறு மாதச் சிகிச்சை முடிந்து கடைசிப் பரிசோதனைக்கு வந்தவர் எழுந்து போகும்போது கதவருகே நின்று சொல்கிறார்: "டாக்டர், நீங்க செஞ்சதுக்கு நான் எப்படி கைம்மாறு செய்யப் போறேன்னு தெரியல."

பெரும்பாலான மருத்துவர்களின் பதில் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், இது என் கடமை." அடக்கத்தில் சொன்ன வார்த்தை. ஆனால் எதிரில் இருப்பவருக்கு உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்ற மனம் இருந்தால், அந்தக் கதவு அங்கேயே சாத்தப்படுகிறது. கொடுப்பதும் சிலருக்குக் குணமாவதன் ஒரு பகுதி, துக்கத்திலிருந்து மீள்வதன் ஒரு பகுதி. அதை மறுக்கவும் நமக்கு உரிமை இல்லை.

இதற்குப் பதிலாக இப்படிச் சொல்லலாம்: "நீங்க நல்லா இருக்கறதே எனக்குப் பெருசு. என்கூட இருக்கிற முழுக் குழுவுக்கும் நீங்க சொன்னதைச் சொல்றேன். இந்த நோய்க்கு நாங்க செய்யற ஆராய்ச்சியைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்கு எப்பவாவது தோணினா, அதுக்குன்னு ஒருத்தர் இருக்கார், உங்க நம்பரை அவருக்குக் கொடுக்கட்டுமா? இல்லேன்னாலும் ஒண்ணுமில்ல." இதில் பணம் என்ற சொல்லே இல்லை. சம்மதம் கேட்கப்படுகிறது, மறுக்க இடம் இருக்கிறது. அத்தோடு மருத்துவர் விலகிக்கொள்கிறார். நோயாளி சரி என்றால் மட்டும் நிதி திரட்டும் பிரிவின் அலுவலர் பேசுவார். தொகையைப் பற்றிய பேச்சு மருத்துவரின் அறைக்குள் எந்தக் கட்டத்திலும் வரக் கூடாது. பிறகு துறையின் ஆராய்ச்சியை விளக்க மருத்துவர் வரலாம், ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டலாம். அந்த வேலையை அவரைவிட நன்றாகச் செய்ய வேறு ஆள் கிடையாது. சிகிச்சை இன்னும் தொடர்ந்துகொண்டிருக்கிறது என்றால், விளக்குவதற்கும் துறையின் வேறொரு மருத்துவரை அனுப்புவது நல்லது.

கேட்பதற்கு முந்தைய வேலை

நன்கொடை கேட்பது ஒரு மணி நேர வேலை. அதற்கு முன்னால் ஓரிரு ஆண்டு போகும், சில சமயம் இன்னும் பல ஆண்டு. காட்ஸ்மேன் ஐன்ஸ்டைன் கல்லூரியில் 1968இல் வேலைக்குச் சேர்ந்தவர். கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளோடு வேலை செய்து அங்கேயே பேராசிரியரானவர், பின்னாளில் அறங்காவலர் குழுத் தலைவர். கல்லூரியை நடத்தும் மருத்துவக் குழுமத்தின் தலைவர் ஃபிலிப் ஓஸுவாவும் அவரும் 2020 தொடக்கத்தில் ஒரு விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் அமர நேர்ந்து, அந்தப் பயணத்தில்தான் முதன்முறையாக மனம்விட்டுப் பேசிக்கொண்டார்கள். நான்கு ஆண்டு கழித்து அறிவிப்பு வந்தது. கணவர் 2022இல் இறந்தபோது, அந்தச் செல்வத்தை உனக்குச் சரியென்று படுவதற்குப் பயன்படுத்து என்று சொல்லிவிட்டுப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். 55 ஆண்டு உறவை எந்தச் சிற்றேடும் உண்டாக்க முடியாது.

துறை தன் பக்கம் செய்யக் கூடிய வேலை, எதற்காகக் கேட்கிறோம் என்பதை இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதுவது. இது கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் துறைத் தலைவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். "எமது துறை உலகத் தரத்தை அடைய நவீன வசதிகள் தேவைப்படுகின்றன" என்று எழுதினால் அது துறையின் ஆசை. யார் குணமாவார்கள் என்பது அதில் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "சிறுநீரகம் செயலிழந்த குழந்தைகளில் யாருக்கு மாற்றுச் சிறுநீரகத்தை உடல் மறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு இரத்தப் பரிசோதனையை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். முதல் கட்டம் முடிந்தது. அடுத்த மூன்று ஆண்டுக்கு இரண்டு ஆய்வாளர்களும் ஒரு கருவியும் வேண்டும். செலவு இவ்வளவு. மூன்றாம் ஆண்டு முடிவில் அது பலிக்குமா பலிக்காதா என்று தெரிந்துவிடும்." இரண்டாவதில் ஆள் இருக்கிறார், காலம் இருக்கிறது, தோல்விக்கான சாத்தியமும் ஒளிக்கப்படவில்லை. தொழில் நடத்திப் பணம் சம்பாதித்தவர்கள் அந்தக் கடைசி வரியை மதிப்பார்கள்.

அப்புறம் எண்ணிக்கைக் கணக்கு. 1 கோடி டாலர் திரட்ட வேண்டுமென்றால், ஆயிரம் பேரிடம் 10,000 டாலர் வாங்கலாம் என்று காகிதத்தில் வகுத்துப் பார்ப்பது எளிது. நடைமுறையில் பணம் அப்படி வருவதில்லை. ஏறத்தாழ இப்படித்தான் வரும்:

1. 25 லட்சம் டாலர் தரும் ஒருவர்.
2. 10 லட்சம் தரும் இருவர்.
3. 5 லட்சம் தரும் நால்வர்.
4. 2 லட்சம் தரும் பத்துப் பேர்.
5. மிச்சம் 15 லட்சம் சிறு தொகைகளாக.

முதல் நான்கு வரிகளில் 17 பேர். ஒருவர் தருவதற்கு மூன்று நான்கு பேரிடம் பேச வேண்டியிருக்கும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களின் அனுபவக் கணக்கு. ஆக, உண்மையான ஆர்வமும் வசதியும் உள்ள 50 முதல் 70 பேரைத் துறை அறிந்திருக்க வேண்டும். அத்தனை பேர் இல்லையென்றால் இலக்கு தவறு. பாதிக்கு மேல் கைக்கு வரும்வரை பொது அறிவிப்பே செய்யாமல் இருப்பதும் இதனால்தான். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018 ஆகஸ்டில் எல்லா மாணவர்களுக்கும் கட்டணத்தை நீக்கியபோது, தேவைப்பட்ட 60 கோடி டாலரில் 45 கோடிக்கு மேல் ஏற்கெனவே திரட்டியிருந்தது. அதில் 10 கோடி ஒரே குடும்பம் கொடுத்தது.

நிபந்தனை எதுவரை போகலாம்?

நிபந்தனை இல்லாத பெருநன்கொடை அபூர்வம், நிபந்தனை எல்லாமே கெட்டதும் அல்ல. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறந்துவிட்டது. மருத்துவக் கல்லூரியைத் திறக்கத்தான் பணமில்லை. நிறுவனர் விட்டுச்சென்ற ரயில்வே பங்குகளின் வருமானம் படுத்துவிட்டது. பால்டிமோர் பெண்கள் சிலர் சேர்ந்து நிதி திரட்ட முன்வந்தார்கள். அவர்கள் வைத்த நிபந்தனை, ஆண்களுக்குள்ள அதே தகுதியில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது. 5 லட்சம் டாலர் இலக்கில் குறைந்த 3,06,977 டாலரை அவர்களில் ஒருவரான மேரி எலிசபெத் காரெட் 1892இல் தாமே கொடுத்தார். கூடவே, சேருபவர்கள் முதலில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனையும் வைத்தார். அன்று அமெரிக்காவில் பல மருத்துவக் கல்லூரிகள் பட்டம் எதுவும் கேட்கவில்லை. 1893இல் கல்லூரி 18 மாணவர்களோடு தொடங்கியது, அவர்களில் மூவர் பெண்கள். அமெரிக்க மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்தியதில் அந்தக் கொடைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் கொடையாளர் தலையிடவே கூடாத இடங்கள் இருக்கின்றன. இருக்கையில் யார் அமர்வது, ஆய்வின் முடிவை வெளியிடலாமா வேண்டாமா, எந்த நோயாளிக்கு முன்னுரிமை, தன் உறவினருக்குச் சோதனை மருந்து கிடைக்குமா என்பவை அவை. இவற்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தாலும் அது கொடையாக இருக்காது, விலையாகிவிடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைச் சொல்லக் கூச்சப்படும் துறைத் தலைவர், பின்னால் அதைவிடப் பெரிய சங்கடத்தை எதிர்கொள்வார்.

பெயர் வைப்பது தனி விவகாரம். பலரைப் போதைக்கு அடிமையாக்கிய ஆக்ஸிகான்டின் என்ற வலிநிவாரணியை விற்ற பர்டூ ஃபார்மா நிறுவனத்தின் சாக்லர் குடும்பப் பெயரை, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் தன் மருத்துவ வளாகத்தின் கட்டடங்களிலிருந்தும் படிப்புகளிலிருந்தும் 2019 டிசம்பரில் நீக்கியது. போதைக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை தரக் கற்கும் மாணவர்கள் அந்தப் பெயரைத் தாண்டி வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது. அவர்கள் எழுப்பிய குரலுக்கு அதில் பங்கு உண்டு. எந்தச் சூழலில் பெயரை எடுக்கலாம் என்பதைக் கொடை ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது இன்று வழக்கமாகி வருகிறது. காட்ஸ்மேனும் பெயர் பற்றி ஒரு நிபந்தனை வைத்தார். கல்லூரியின் பெயரை மாற்றி யார் பெயரையும் வைக்கக் கூடாது என்பதே அது.

காலம் மாறினால் என்ன செய்வது என்றும் எழுதிவைக்க வேண்டும். அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதத்தை எதிர்க்க 1938இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய அமைப்பு, இன்று மார்ச் ஆஃப் டைம்ஸ் என்று அறியப்படுகிறது. 1955இல் அந்த நோய்க்குச் சால்க் தடுப்பூசி வந்துவிட்டது. அமைப்பு தன் நோக்கத்தை மாற்றிக்கொண்டு 1958இல் பிறவிக் குறைபாடுகளை நோக்கித் திரும்பியது. அமைப்புக்கு அது சாத்தியமானது. ஒரே நோய்க்கென்று எழுதிய நிரந்தர நிதி, அந்த நோயே ஒழிந்தாலும் வேறு எதற்கும் அசையாது. நீதிமன்றம் போய் மாற்ற வேண்டும். நோக்கம் பொருந்தாமல் போனால் அதற்கு மிக நெருங்கிய வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற ஒரு வரி இந்த அவஸ்தையைத் தவிர்க்கும். கொடையாளர் உயிரோடு இருக்கும்போதே, அவரிடமே கேட்டு அந்த வரியைச் சேர்க்க வேண்டும்.

பணம் வந்த பிறகு

கொடுத்தவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை அறிக்கை அனுப்பாத துறைக்கு இரண்டாவது கொடை வராது. பல இடங்களில் இந்த அறிக்கையைக் கணக்குப் பிரிவு எழுதுகிறது: தொடக்க இருப்பு, வருமானம், செலவு, முடிவு இருப்பு. அது தேவைதான். அதோடு, அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கிய இளம் ஆய்வாளர் தாமே ஒரு பக்கம் எழுதலாம். இந்த ஆண்டு எதை முயன்றேன், எது வேலை செய்யவில்லை, அடுத்து எதைப் பார்க்கப் போகிறேன் என்று. ஆய்வு தோற்றிருந்தாலும் அந்தக் கடிதம் போக வேண்டும். பணம் மிஞ்சியிருந்தால் அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற கேள்வியோடு.